அரை டிக்கெட்டுக்கு அரை மாத்திரை

என் அக்கா பொய் சொன்னாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயத்தில் சொன்னாள், பாவம் அவளுக்கு என்ன தெரியும் என்றெல்லாம் ஊரில் எனக்கு நிறையப் பேர் சமாதானம் சொல்லிவிட்டார்கள். என் நாலு வயது மகள் கழுத்து முறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். டாக்டர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அக்கா பொய் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறேன். காலையில் வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். பதினைந்து பேர் உட்காருகிற வேனில் முப்பது பேர் இருப்போம். டீசல் புகை, வெறும் வயிறு, துவைத்தாலும் சேலையை விட்டுப் போகாத கந்தக வாடை. ஒருத்தி வாந்தியெடுத்தால் அடுத்தவளுக்கும் குமட்டும். தீபாவளி சீசனில் வேனை நிறுத்தினால், கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கூட்டிப்போகிற ஏஜென்ட்டுக்குப் பொறுக்காது. அதனால் அவன் சட்டைப் பையில் எப்போதும் வாந்தி மாத்திரை வைத்திருப்பான். அட்டையைக் கத்தரியால் நாலு நாலு மாத்திரையாக வெட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு கொடுப்பான். துண்டில் பேர் முழுசாக இருக்காது, தேதி இருக்காது. வேன் மாத்திரை, அதுதான் எங்களுக்குத் தெரிந்த பேர். மிட்டாய் வாங்குகிற மாதிரி கையை நீட்டி வாங்குவோம். நானும் வாங்கினேன். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன்.

அன்றைக்குக் காலையில் மகள் ஒரு தடவை வாந்தியெடுத்தாள். வயிறும் போயிருந்தது. வாந்தியெடுத்த பிள்ளையை விட்டுவிட்டுத்தான் நான் வேன் ஏறினேன். இதையும் மறைக்கவில்லை. வீட்டுக்காரர் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போயிருந்தார். அக்கா அடுத்த வீடு. ஒரு வெடி விபத்தில் வலது கை வெந்ததிலிருந்து அவள் கம்பெனிக்கு வருவதில்லை. என் மகளைப் பால்குடி மறந்த நாளிலிருந்து அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"தண்ணி கொஞ்சங் கொஞ்சமா குடு. கஞ்சித்தண்ணி குடு. நிக்கலேன்னா ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு, அக்கா" என்றேன்.

"மூணு பெத்தவளுக்கு ஒத்தப் பிள்ளைக்காரி பாடம் நடத்துதா. ஏய், போடி. அங்கன வேன்காரன் ஹாரன் அடிச்சே சாவுதான்."

சிரித்துக்கொண்டே ஓடினேன்.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். மற்ற செல்லோடு சேர்ந்து ஒரு மரப்பெட்டிக்குள் சாயங்காலம் வரைக்கும் கிடக்கும். சாயங்காலம் வாங்கியதும் முதல் வேலையாகப் பார்த்தேன். அக்காவிடமிருந்து ஒரு கால்கூட இல்லை. பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். வேனில் தூங்கிக்கூடப் போனேன்.

வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே பாயில் மகள் கிடந்தாள். கழுத்து இடது பக்கமாகத் திருகி, தாடை தோளில் இடித்துக்கொண்டிருந்தது. கண் இரண்டும் மேலே ஏறியிருந்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது, உள்ளே இழுக்க முடியவில்லை. ஆனால் அவளுக்கு நினைவு இருந்தது. என் சத்தத்தைக் கேட்டதும் கண்ணீர் விட்டாள்.

"இருக்கன்குடி ஆத்தா கோவம்டி. ஆடியில முடி எடுக்கேன்னு நேந்துட்டு எடுக்காம விட்டீகள்ல?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நேர்ந்தது உண்மை. தள்ளிப் போட்டதும் உண்மை. ஒரு நிமிஷம் எனக்கே அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. அக்கா அழுதுகொண்டே பிள்ளை நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். ஆத்தா கோபம் என்று அந்தக் கூட்டத்தில் முதலில் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான் என்று பிறகு தெரிந்தது.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அக்காவும் ஏறினாள். வழியெல்லாம் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், பேர் கேட்டார். மகள் குழறிக்கொண்டு சொன்னாள்.

"இது வலிப்பு மாதிரி தெரியல. பிள்ளை சொன்னதைக் கேக்குது, பதில் சொல்லுது. ஏதாவது மாத்திரை, டானிக் குடுத்தீங்களா?"

"இல்லங்க. கஞ்சியும் மோருந்தான்" என்றாள் அக்கா.

"வாந்திக்கு ஏதாவது? கடையில கேட்டு வாங்கினது?"

"நாங்க எதுக்குங்க கடைக்குப் போறோம்? ஒண்ணும் குடுக்கல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், "எங்கக்கா பாத்துக்கிட்டா ஒண்ணும் தப்பா குடுக்க மாட்டாங்க" என்றேன். இந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "சில மாத்திரை பிள்ளைகளுக்குச் சேராம இந்த மாதிரி கழுத்த இழுக்கும். அப்படின்னா ஒரு ஊசியில சரியாயிரும். மாத்திரை எதுவும் குடுக்கலன்னா நான் மூளைக்காய்ச்சலா, வேற ஏதாவதான்னு பாக்கணும். மதுரைக்கு அனுப்பணும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியிருக்கும். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாரும் திட்ட மாட்டோம்."

அக்கா பிள்ளையைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"சத்தியமா இல்லங்க."

டாக்டர் குனிந்து என் மகளிடம் கேட்டார். "பாப்பா, இன்னைக்கு என்னென்ன சாப்பிட்டீங்க?"

மகள் நாக்கு தள்ளியபடியே சொன்னாள். எச்சில் வழிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். கஞ்சி. அப்புறம் சர்க்கரை. பெரியம்மா குடுத்த சர்க்கரை கசந்துச்சு. மறுபடியும் குடுத்தா. அதுவும் கசந்துச்சு.

"பிள்ளை உளறுதுங்க" என்றாள் அக்கா.

அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. தன் பொய்யைக் காப்பாற்ற, வாய் கோணிக் கிடக்கிற பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினாள்.

நானும் அவளும் ஒரு தட்டில் தின்று வளர்ந்தவர்கள். அவள் எதையாவது ஒளித்தால் எங்கே ஒளிப்பாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் மிட்டாயை ஒளிப்பாள், பிறகு பீடி இலைக் கட்டைக்கூட ஒளித்தாள், எல்லாம் இடுப்பு மடியில்தான். ஆஸ்பத்திரி என்று பார்க்கவில்லை. அவள் இடுப்பில் கையை விட்டு மடியை உருவினேன். மாத்திரைத் துண்டு தரையில் விழுந்தது. சாமி படத்துக்குப் பின்னால் நான் வைத்த அதே துண்டு. நாலு இருந்ததில் மூன்று இருந்தது. வழியில் எங்கேயாவது வீசிவிடலாம் என்று எடுத்து வந்திருக்கிறாள். ஆட்டோவில் நான் பக்கத்திலேயே இருந்ததால் முடியவில்லை.

"இது என்ன மாத்திரை?" என்றார் டாக்டர்.

"வேன்ல குடுக்கிற வாந்தி மாத்திரைங்க" என்றேன் நான்.

டாக்டர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்து ஓரத்தில் பேரின் கடைசி நாலைந்து எழுத்து மட்டும் தப்பியிருந்தது. அவருக்கு அது போதும் போல. மெட்டோகுளோபிரமைடு என்று மாத்திரையின் பேரைச் சீட்டில் எழுதினார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னார். அரை மணி நேரம் ஆகியிருக்காது, மகளின் நாக்கு உள்ளே போனது. கண் இறங்கியது. பிறகு கழுத்து மெல்ல மெல்ல நேரே வந்து தலையணையில் படிந்தது. பசிக்குது என்றாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடியும் இழுக்கலாம், விடியும் வரை இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். பிள்ளையை எடைபோட்டார். பதிமூன்று கிலோ.

"பிள்ளைகளுக்கு மருந்து வயசப் பாத்து இல்ல, எடையப் பாத்துக் கணக்குப் போட்டுக் குடுக்கிறது. பெரியவங்க மாத்திரைய ஒடைச்சா அது பிள்ளை மாத்திரை ஆயிராது. இந்த மாத்திரைய நாங்களே சின்னப் பிள்ளைக்கு லேசுல எழுத மாட்டோம். உங்களுக்கு வேன் குமட்டலுக்கே இது சரியான மாத்திரை கிடையாது."

"அப்ப வாந்தி எடுத்தா என்னதான் குடுக்க?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"உப்புச்சர்க்கரைப் பாக்கெட் தருவோம், கரைச்சு வச்சுக்கோங்க. வாந்தி எடுத்ததும் பத்து நிமிஷம் விட்டுட்டு, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். மடக் மடக்குன்னு குடுத்தா திரும்ப வாந்திதான். பாதிப் பிள்ளைகளுக்கு அதுலயே நின்னுரும். மருந்து வேணும்னா பிள்ளையப் பாத்துட்டு நாங்க குடுப்போம். பச்சையா வாந்தி வந்தாலோ, ரத்தம் வந்தாலோ, ஒண்ணுக்குப் போகாம சோந்து சோந்து தூங்கினாலோ வீட்ல வச்சுப் பாக்காதீங்க. எதைக் குடுத்திருந்தாலும் மறைக்காதீங்க. நீங்க மறைச்சா நான் இல்லாத நோய்க்கு வைத்தியம் பண்ணுவேன்."

கடைசி வாக்கியத்தை அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

வராந்தாவில் அக்கா என்னிடம் வந்தாள். "உனக்குப் போன் போட்டா அது கேட்டுல பெட்டிக்குள்ள கெடக்கும். பிள்ள கக்கிக்கிட்டே இருக்கு. நான் யாரக் கேப்பேன்? பஸ்ஸுல பிள்ளைக்கு அரை டிக்கெட்டுத்தான? அதான் அரை மாத்திரைய நுணுக்கிச் சர்க்கரையில குடுத்தேன். நிக்கல, இன்னொரு அரை குடுத்தேன். நீ தெனமும் திங்கிற மாத்திரைதானடி? வெஷமாவா குடுத்தேன்?"

நாலு வயதுக்குப் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

கொடுத்ததற்கு நான் அவளைக் குறை சொல்லவில்லை. பேர் தெரியாத மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து வைத்தவள் நான். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தால் அது பிரசாதம் மாதிரித்தான் தெரியும். "குடுத்தத விடு. கேட்டப்ப ஏன் சொல்லல?" என்றேன்.

"உன் வீட்டுக்காரர் என்னை வெட்டிப் போட்டுருவார்னு பயந்தேன். நீயும் பிள்ளைய எங்கிட்ட விட மாட்ட."

"அதுக்காக அவ முதுகுல ஊசி ஏத்துனாலும் பரவாயில்ல, அப்படித்தான?"

அக்கா உள்ளே போய்ப் பிள்ளையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நாலு நாள் கழித்து வேன் ஏறினேன். ஏஜென்ட் வழக்கம்போலத் துண்டை நீட்டினான்.

"இதோட பேரு என்ன?" என்றேன்.

"பேரு எதுக்கு? பொண்ணு கேட்டுப் போகப் போறியா?" என்றான். வேன் முழுக்கச் சிரித்தது.

"நீ குடுத்த மாத்திரையிலதான் எம்பிள்ளைக்குக் கழுத்து இழுத்துச்சு."

அவன் முகம் மாறியது. "நான் மாத்திரை குடுத்தேனா? எப்ப? யாருக்கு? ஏம்மா, நான் யாருக்காவது மாத்திரை குடுத்திருக்கேனா?"

சிரித்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்தவள் கையில் இருந்த துண்டை மெல்ல முந்தானைக்குள் போட்டதை நான் பார்த்தேன். வருஷக்கணக்காகத் தொடை இடிக்க உட்கார்ந்து போகிறவர்கள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. சீசன். வேனை விட்டு இறக்கிவிட்டால் வேலை போகும். அக்காவும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாள். அன்றைக்குப் போகும்போதும் வரும்போதும் குமட்டியது. ஜன்னல் வழியாக வாந்தியெடுத்தேன். மாத்திரை வாங்கவில்லை.

மகளை மறுபடியும் அக்காவிடம்தான் விட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்? சாமி படத்துக்குப் பின்னால் உப்புச்சர்க்கரைப் பாக்கெட் இரண்டு வைத்தேன், கம்பெனி கேட்டு போன் நம்பரை அக்காவிடம் எழுதிக் கொடுத்தேன். அக்காவோடு பிள்ளைக்குத் தேவையான பேச்சு மட்டும் பேசுவேன். தின்னாளா, தூங்கினாளா. அதற்குமேல் இல்லை.

தை மாதத்தில் ஒருநாள் மத்தியானம் வாட்ச்மேன் நான் வேலை செய்கிற ஷெட் வரைக்கும் வேகுவேகென்று நடந்து வந்தான். "ஏம்மா, ஒங்கக்கா கேட்டு போனுக்கு நாலு தடவ அடிச்சுட்டாக. பிள்ளை வாந்தியெடுக்காம். ஸ்பூன்ல தண்ணி மட்டுந்தான் குடுக்காகளாம். வேற ஒண்ணும் குடுக்கல, ஒண்ணும் குடுக்கலன்னு சொல்லச் சொன்னாக. எங்கிட்டயே மூணு தடவ சொல்லிட்டாக."

சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, லோடு ஏற்ற வந்த மினி லாரியில் ஏறி வீட்டுக்கு வந்தேன். மகள் அக்கா மடியில் படுத்திருந்தாள். கழுத்து நேராக இருந்தது. பக்கத்தில் கரைசல் டம்ளர், ஸ்பூன். அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணும் குடுக்கலடி" என்றாள்.

நான் பிள்ளையின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். விரலைக் கரைசலில் முக்கி நக்கிப் பார்த்தேன். உப்பும் இனிப்பும்தான் இருந்தது, கசக்கவில்லை. பிறகு சாமி படத்தை நகர்த்திப் பார்த்தேன். இரண்டு பாக்கெட்டில் ஒன்று இருந்தது.

நான் தேடி முடித்ததும், அக்கா வெந்த கையால் தன் இடுப்பு மடியை அவளே அவிழ்த்து உதறிக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

நான் அதையும் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை வாங்கினேன்.