தேன் பாட்டில்களுக்கு நடுவே ஒரு புரோட்டாப் பொட்டலம்

எனக்குப் பத்து வயது நடந்தபோது அப்பா எங்கள் வீட்டிலிருந்து சீனியை நாடு கடத்தினார். முதலில் சீனி, அடுத்த வாரம் மைதா, அதற்கடுத்து காப்பித்தூள், கடைசியில் வெள்ளை அரிசி.

அப்பா தென்காசி தாலுகா ஆபீஸில் கிளார்க். அந்தத் தடவை பொங்கல் கழிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்விட்டு வந்தார். மறுநாள் காலையில் அடுப்படி வாசலில் நின்று, "இனிமே இந்த வீட்டுல எல்லாருக்கும் இயற்கைச் சாப்பாடுதான். மனுசன் கெட்டதே சீனியாலதான்" என்று அறிவித்தார். அம்மா உடனே சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தை விட அம்மா மேல் வந்த கோபம்தான் அதிகம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் என்ன?

குற்றாலத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு இயற்கை உணவுக் கடை இருந்தது. காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி நடத்தினார். கைக்குத்தல் அரிசி, கம்பு, கேழ்வரகு, தினை, சாமை என்று மூட்டைகள் வாய் திறந்து உட்கார்ந்திருக்கும். பலகையில் வரிசையாக மலைத்தேன் பாட்டில்கள். இந்தக் கடையில் டீ, பிஸ்கட் பற்றிப் பேசக் கூடாது என்று சுண்ணாம்பால் எழுதிப் போட்டிருந்தார். ஒரு கிலோ தினை நிறுப்பதற்குள் குடலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அப்பா கைகட்டி நின்று கேட்பார். ஆபீஸில் தாசில்தார் முன்னால்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் மூன்று பேருக்கும் அங்கேதான் போக்கு. முதலில் அருவியில் குளியல், அப்புறம் கடை. அருவியில் குளித்தவனுக்கு எப்படிப் பசிக்கும் என்பது குளித்தவனுக்குத்தான் தெரியும். அந்தப் பசிக்கு அண்ணாச்சி ஒரு கை முளைகட்டிய பயறு தருவார்.

பள்ளிக்கூடத்தில் என் நிலைமை இன்னும் மோசம். தூக்குச்சட்டியைத் திறந்தால் கம்பஞ்சோறு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எட்டிப் பார்த்து, "ஏட்டி, இன்னைக்கும் கோழித்தீனியா?" என்பாள். ஒருநாள் அவள் கையைக் கடித்து வைத்துவிட்டு முட்டி போட்டேன். முட்டி போட்டபடியே ஒரு முடிவுக்கும் வந்தேன். இதற்கு மேல் பொறுப்பதில்லை.

அது ஆனி மாதம், நல்ல சாரல். சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, முந்தின வாரம் வந்திருந்தபோது என் கையில் ஒரு ரூபாய் நோட்டைத் திணித்துவிட்டுப் போயிருந்தாள். அதைப் பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டுதான் அன்று அருவிக்கே போனேன். நோட்டு நனைந்தது. பரவாயில்லை.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அண்ணாச்சி குடலில் ஆரம்பித்து ஈரலுக்கு வந்திருந்தார். எதிர்வரிசையில் ஒரு புரோட்டாக் கடை. கல்லில் மாவைத் தட்டுகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. நான் நைசாக நழுவி ரோட்டைத் தாண்டினேன். ஈர நோட்டை நீட்டி புரோட்டா வாங்கினேன். சால்னாவைத் தாராளமாக ஊற்றி இலையில் கட்டித் தந்தார்கள். அங்கேயே ஒளிந்து நின்று தின்றிருக்கலாம். எனக்குத் திருட்டுத் தீனி தேவைப்படவில்லை. நேராக இயற்கை உணவுக் கடைக்குத் திரும்பி வந்தேன். தேன் பாட்டில்களைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பலகை மேலேயே பொட்டலத்தைப் பிரித்தேன்.

சால்னா வாசம் கடையை நிறைத்தது. அண்ணாச்சியின் பேச்சு ஈரலோடு நின்றுபோனது. நான் ஒரு துண்டைப் பிய்த்து, முக்கி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்றேன்.

"சார், இது நெசமாவே ஒங்க மகதானா?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா, என் மகதான்" என்றார் அப்பா.

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்து முதுகை விறைத்துக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. அது எனக்கு இன்னும் தைரியத்தைக் கொடுத்தது. பெரிய துண்டாக ஒன்றைப் பிய்த்து அம்மாவிடம் நீட்டினேன்.

"நீயும் தின்னும்மா. அப்பாவுக்கு எதுக்குப் பயப்படுத?"

அம்மா புரோட்டாவைப் பார்த்தாள். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, கையை நீட்டினாள். விரல்கள் அதைத் தொட்டேவிட்டன. அதற்குள் அப்பா பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, "ஒனக்கு வேணும்னா நீ தின்னு. எல்லாத்தையும் தின்னு. அம்மைக்குக் குடுக்காத" என்றார்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பெற்ற மகளுக்கு ஒரு நியாயம், கட்டிய பொண்டாட்டிக்கு ஒரு நியாயமா?

"அம்ம கைய விடுங்க! ஒங்களுக்குக் கிறுக்கு. ஒங்க கிறுக்குக்கு எங்க அம்ம ஏன் பட்டினி கிடக்கணும்?" என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

பளீரென்று கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. அடித்தது அம்மா.

அதுவரை அவள் என்னைத் தொட்டு அடித்ததில்லை. யாருக்காகச் சண்டை போட்டேனோ அவளே அடித்துவிட்டாள். நான் அழவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மீதிப் புரோட்டா முழுவதையும் தின்று தீர்த்தேன். உப்பா உறைப்பா, ஒன்றும் தெரியவில்லை. அப்பா பலகையைத் தன் துண்டால் துடைத்தார். தேன் பாட்டில்களைப் பழையபடி அடுக்கினார். அண்ணாச்சியிடம், "மன்னிச்சுக்கிடுங்க. தினை ரெண்டு கிலோ போடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு இருபது நாள் அப்பாவோடு பேசவில்லை. அவர் பேசினால் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

தை மாதம் சித்திக்குப் புளியங்குடியில் கல்யாணம். பந்தியில் அப்பா, "நாங்க இயற்கைச் சாப்பாட்டுக்காரங்க, இலையில எதுவும் வைக்காதீங்க" என்று தனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து உரக்கச் சொன்னார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கையோடு கொண்டுபோன கேழ்வரகு அடையை இருவரும் தின்றார்கள். நான் எதிர்வரிசையில் உட்கார்ந்து, அப்பா பார்க்கும்படியாக, மூன்று லட்டு தின்றேன்.

சித்திக்கு முதல் பிள்ளை பிறந்து வீடு அடங்கிய பிறகு ஒருநாள், அம்மா மாத்திரை போடுவதைப் பார்த்து என்னவென்று கேட்டேன்.

"சர்க்கரை வியாதிட்டி. ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது" என்றாள் சாதாரணமாக. "சித்திக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்த நேரம். அக்காளுக்கு முப்பது வயசுல இந்தச் சீக்குன்னு தெரிஞ்சா, தங்கச்சிய யாரு எடுப்பா? யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு நாந்தான் ஒங்க அப்பாட்ட சத்தியம் வாங்குனேன். நீ தனியாச் சாப்பிட்டாத்தான தெரியும், எல்லாரும் சாப்பிடுவோம்னுட்டாரு."

அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. என்னிடம் மட்டுமாவது ஏன் சொல்லவில்லை என்று சண்டைதான் போட்டேன். "ஒன் வாயத்தான் குத்தாலமே கேட்டுச்சே" என்று சொல்லிவிட்டு அப்பா ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அன்று கடையில் அம்மா கை நீட்டியது என்னைப் பார்த்து வந்த தைரியத்தால் என்றுதான் அதுவரை பெருமையாக நினைத்திருந்தேன். அவளுக்குப் புரோட்டா என்றால் உயிர் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆறு மாதம் ஒரு வாய் தின்னாமல் இருந்தவள் முன்னால் அதைப் பிய்த்து, முக்கி, ருசித்துத் தின்று காட்டியவள் நான்.