ரோண்டா படிக்கப் போன கல்லூரி

மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே இருந்த அந்த மாவட்டத்தில் அவசர உதவிக்கு யார் போனில் கூப்பிட்டாலும் பெரும்பாலும் ரோண்டாதான் எடுப்பாள். ஓடை பெருகி கரையோர வீடுகளை அடித்துக்கொண்டு போன அந்த விடியற்காலையிலும் அவள்தான் எடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை, தூக்கமும் கெடவில்லை. காபி ஆறிப்போயிருந்ததுகூடக் குடித்து முடித்த பிறகுதான் தெரியும்.

உள்நாட்டுப் பாதுகாப்பில் பட்டம் வாங்கினால் பேரிடர் அலுவலகத்தில் இடம் தருவதாக மேலதிகாரி சொன்னார். சரி என்றாள். வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

தங்கை ஜோலீன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு அலைந்தாள். முதலில் தலைநகரில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். எல்லைக் காவல், விமான நிலையம், கணினித் திருட்டு என்று பாடங்களை அடுக்கினார்கள். சுவர் முழுக்கத் திரைகள் இருந்த அறையில் ஓர் அவசர அழைப்பின் பதிவைப் போட்டார்கள். அதில் ஒரு பெண் அலறினாள். வந்திருந்த பெற்றோர்களின் முகம் வெளிறிப்போனது. ரோண்டா கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயே சேந்துடுக்கா."

"சேரலாம்."

"மனசாரத்தான் சொல்றியா?"

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான், ஜோ."

"கேரியக் கல்யாணம் கட்டிக்கும்போதும் இதையேதான் சொன்ன. அது எப்படி முடிஞ்சுதுன்னு பாத்தோமே."

அடுத்தது பக்கத்து ஊர்ச் சின்னக் கல்லூரி. மாலை வகுப்பு ஒன்றில் உட்காரச் சொன்னார்கள். அன்றைக்கு வெள்ளம் பற்றிய பாடம். ஆசிரியை கேட்டதும், ரோண்டா தன் பெயரையும் வேலையையும் சொன்னாள். கடைசி பெஞ்சில் இறைச்சி வைத்த பெப்பரோனி ரோல் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார்.

வகுப்பு முடிந்ததும் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "என் பேர் டெல்மர். ஓடைக்கரை வீடு. மாடிக்குப் போங்க, கீழ இறங்காதீங்கன்னு சொன்னது நீதானம்மா?"

அவளுக்கு நினைவிருந்தது. நாயைத் தேடிக் கீழே இறங்கிய அவர் மனைவி ஓப்பல் திரும்பவே இல்லை.

"நான்தாங்க."

"போன் அணைஞ்சுபோற வரைக்கும் நீ வைக்கல. தோட்டத்துல என்ன போட்டிருக்கேன், நாய் பேரென்னன்னு கேட்டுட்டே இருந்த."

"அப்படிக் கேக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"இருக்கட்டும். யாரோ கேட்டாங்கல்ல."

"நீங்க எதுக்கு இதப் படிக்கிறீங்க?"

"எங்க ஓடைக்கு எச்சரிக்கை மணி கிடையாது. யார் சட்டையப் பிடிச்சா வைப்பாங்கன்னு தெரியணும்."

மனதுக்குள் ஏதாவது அசையும் என்று ரோண்டா காத்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை.

காரில் ஏறியதும், "இங்கயே சேர்றேன்" என்றாள்.

"இங்கயா? திரையுமில்ல, ஒரு மண்ணுமில்ல. ஏன்?"

"தெரியல."

டெல்மருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தாள். அந்த விடியற்காலையைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை. பட்டம் கிடைத்தது, சொன்ன இடமும் கிடைத்தது. படித்துக்கொண்டிருந்தபோது ஒரு குளிர்காலத்தில், தேர்வில் நியாயமில்லாமல் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டதாக ஆசிரியையைக் காரில் வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் கோபப்பட்டு ஜோலீன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அக்கா இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று வண்டியை மெதுவாக ஓட்டினாள்.