ஹீட்டரைத் துண்டித்த காலை

பக்கவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தூத்துக்குடியில் பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் தனியாகத் தொடங்கியபோது ஒரு பழைய கார் வாங்கினேன். ஊட்டிப் பக்கம் ஓடிய வண்டி. அதனால் அதில் ஹீட்டர் இருந்தது. நம் வெயிலுக்கு ஹீட்டரா என்று அண்ணன் சிரித்தான். ஆறு மாதம்கூடத் தாங்காது என்றான். ஐந்தாவது மாதத்தில்தான் இது நடந்தது.

அன்று காலை புன்னைக்காயலில் ஒருவருக்குப் பயிற்சி. அடுத்து பழையகாயல் போக வேண்டும். இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடிந்த ஓர் அம்மாள் அங்கே அன்றுதான் முதல்முறையாக எழுந்து நிற்கப் போகிறார். அவரைத் தாங்கிப் பிடிக்க மகன் லீவு போட்டிருந்தார். நான் போகாமலிருக்க முடியாது.

புன்னைக்காயலுக்குள் நுழையும்போதே காருக்குள் இனிப்பாய் ஒரு வாடை. சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டி ஏறியிருந்தது. நோயாளியின் வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவருடைய மனைவி வெளியே வந்து குனிந்து பார்த்தார்.

"யம்மா, கீழ பச்சையா ஒழுவுதே, என்னது?"

இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் அது. மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன். "கயத்தாறுல நிக்கேன் மேடம். சாயந்தரந்தான் வர முடியும். வண்டிய எடுத்திராதீங்க."

அதற்குள் கம்பை ஊன்றிக்கொண்டு என் நோயாளியே வாசலுக்கு வந்துவிட்டார். முப்பது வருடம் படகில் இஞ்சின் பார்த்தவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. காலுக்கு அசைவு திரும்பிக்கொண்டிருந்தது. கையைத்தான் அவர் விட்டுவிட்டார். என்ன பயிற்சி சொன்னாலும் அது பாட்டுக்கு மடியில் கிடக்கும்.

பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, குழறலாகச் சொன்னார்: "ஹீட்டர் வால்வு விரிசல் விட்டுட்டு. அதுக்கு இஞ்சின் தண்ணி போற குழாயையும் வார குழாயையும் ஒண்ணாச் சேத்துட்டா தண்ணி அந்தப் பக்கமே போவாது. இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாது."

"நானே செய்யுதேன் அண்ணாச்சி. எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

"மொதல்ல ஆறட்டும். இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்."

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் காலுக்குப் பயிற்சி கொடுத்தேன். அவர் கண் முழுக்கக் கார் மேல்தான்.

பிறகு அவர் மனைவி கருவிப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே குழாய்க்குள் நுழைகிற அளவில் விரல் நீளப் பித்தளைத் துண்டு ஒன்றும் இரண்டு கிளிப்புகளும் கிடைத்தன. இரண்டு குழாய்களையும் ஹீட்டரிலிருந்து பிடுங்குவதற்குள் என் நகம் ஒன்று போயிற்று. சோப்புத் தண்ணீர் தடவி ஒரு குழாயைப் பித்தளையில் ஏற்றிவிட்டேன். மற்றது இறுகிப்போயிருந்தது. நான் தள்ளினால் பித்தளை மறுபக்கம் நழுவியது. பானெட்டைத் தாங்கும் கம்பி உடைந்திருந்ததால் அவர் மனைவி இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வேறு கை இல்லை.

அவர் கம்பைச் சுவரில் சாய்த்தார். இடுப்பை வண்டியில் முட்டுக்கொடுத்தார். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பித்தளைத் துண்டின் மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு இடது கையால் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளு."

தள்ளினேன். பிடி விட்டுப்போயிற்று. மறுபடி வைத்தார். மறுபடியும் போயிற்று. குழாயில் மறுபடி சோப்புத் தண்ணீர் தடவினேன். பாராட்டினாலும் பரிதாபப்பட்டாலும் வீட்டுக்குள் போய்விடுவார் என்று தெரியும். மூன்றாவது முறை அவர் கழுத்து நரம்பு புடைத்தது. குழாய் உள்ளே ஏறும்வரை அந்த விரல்கள் விடவில்லை.

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரோ மனைவியை அதட்டினார்: "என்னத்துக்கு அழுத? குடத்துல இருக்க குடிதண்ணியக் கொண்டா. பம்புத் தண்ணி உப்பு, இஞ்சினத் தின்னுரும்."

அவர் மனைவி போய் வரும்வரை பானெட்டைத் தோளில் தாங்கிக்கொண்டு கிளிப்புகளை முறுக்கினேன். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, மூடாமல் இஞ்சினை ஓடவிட்டேன். குமிழிகள் வெடித்து அடங்க அடங்க இன்னும் ஊற்றி, மூடினேன். கீழே ஒரு சொட்டு விழவில்லை.

"மெதுவாப் போ. முள்ளப் பாத்துக்கிட்டே போ. இது தற்காலிகந்தான், வால்வ மாத்திரணும்."

ஆத்தூர் வழியாக, ரோட்டைப் பாதியும் முள்ளைப் பாதியும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பழையகாயல் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. மகன் வாசலிலேயே நின்றார். நான் கைக் கரியைக் கழுவியதும், இருவருமாக அந்த அம்மாளைத் தூக்கி நிறுத்தினோம். பத்து எண்ணும்வரை நின்றார். உட்கார்ந்ததும் இன்னொரு தடவை நிற்கிறேன் என்றார்.

அடுத்த வாரம் மெக்கானிக் புது வால்வு போட்டார். புன்னைக்காயலில் அந்தக் கை ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனால் நான் போனபோது அவர் கட்டிலில் செய்தித்தாளை விரித்து, பெட்டியில் இருந்த மரையாணிகளைக் கொட்டி வைத்திருந்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் ஒன்றை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.