ஆளற்ற முந்திரிக்காடு

"மே 3, 2014, சனி. முதல் ஷிப்ட் வாரம்: தடித்த நாவல். இரண்டாம் ஷிப்ட்: பயண நூல். நைட் ஷிப்ட்: சிறுகதை மட்டும்."

அந்தக் கோடையின் வாசிப்புத் திட்டம் என் நாட்குறிப்பில் இப்படித் தொடங்குகிறது. நிலக்கரி மைன்ஸில் வேலை பார்ப்பவன் ஷிப்டை வைத்துத்தான் எதையும் திட்டமிட முடியும். கீழே பதினோரு புத்தகங்களின் பெயர்கள். அத்தனையின் மேலும் குறுக்கே ஒரு கோடு. அதையும் அன்று மாலையே போட்டேன்.

ஆவணப்படம் என்றால் பனிக்கரடியோ பாலைவனமோ எதையும் விடமாட்டேன். அன்று மதியம் தொலைக்காட்சியில் எங்கள் நெய்வேலியைப் பற்றியே ஒரு படம். மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ராட்சத இயந்திரம் மண்ணை வெட்டிக்கொண்டிருக்க, பின்னணிக் குரல் சொன்னது: "ஆளற்ற முந்திரிக்காடாகக் கிடந்த நிலம் இது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் மனைவி பிறந்த ஊர் அந்த நிலத்தில்தான் இருந்தது. சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்து, வீடுகளை இடித்து, நூறடிக்கும் கீழே தோண்டியாகிவிட்டது. இப்போது அங்கே யாருமே இருந்ததில்லை என்றும் சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு, வாசலில் நிற்கும் ஒரு ஆளைக் கேட்க வாய் இல்லையா? கத்திவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

"யாருக்கு எழுதறீங்க?" என்றாள் மனைவி.

"படம் எடுத்தவனுக்கு. யாரைக் கேட்டு இதச் சொன்னான்னு தெரியணும்."

"உங்களக் கேட்டுத்தான் சொல்லியிருப்பான்."

அலமாரியிலிருந்து எங்கள் குடியிருப்பு பிளாக்கின் பழைய பொங்கல் மலரை எடுத்துப் போட்டாள். டவுன்ஷிப் வரலாறு என்று நான் எழுதிய கட்டுரை. முதல் பத்தியிலேயே "ஆளற்ற முந்திரிக்காடு". அதை நான் அதற்கும் முந்தைய ஒரு மலரிலிருந்து எடுத்திருந்தேன். அதை எழுதியவரும் என்னைப் போல வெளி மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மழை பெய்த தேதிக்குக்கூட ஆதாரம் குறித்து வைக்கும் நான், அந்த வரிக்கு மட்டும் ஆதாரம் தேடவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"என்னத்தச் சொல்றது? எங்க வூட்ல மட்டும் பத்து பேரு இருந்தோம், நாலு மாடு இருந்துச்சி. அந்த ஊருப் பொண்ணு கூடவே குடும்பம் நடத்திக்கினு இருக்கீங்க. ஆளே இல்லாத ஊர்ல பொண்ணு எடுத்தேன்னு அதையும் எழுதிக்குங்க."

படம் எடுத்தவன் மீதான கோபம் தணியவில்லை. ஆனால் அவனைத் திட்ட எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் எனக்கே பொருந்தியது. கடிதத்தைக் கிழித்தேன். புத்தகப் பட்டியலை அடித்தேன். அந்தக் கோடை முழுக்க, ஷிப்ட் முடிந்ததும், பழைய வாக்காளர் பட்டியல், நிலப் பதிவேடு, சொந்தக்காரர்கள் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகள் என்று அந்த ஊர்ப் பெயர் இருந்த காகிதங்களையே படித்தேன். அடுத்த பொங்கல் மலரில் என் திருத்தம் வந்தது. ஊரின் பெயர், தெருக்கள், குளம், கோயில் எல்லாம் அதில் உண்டு. எழுதியது தவறு, தவறு என்னுடையது என்றும் உண்டு.

ஊர் எந்த ஆண்டு காலியானது என்பது மட்டும் அதில் இல்லை. ஊரை விட்டு வந்தபோது தான் மூன்றாம் வகுப்பு என்கிறாள் மனைவி. "அவ இடுப்புல இருந்தா மாப்ள. மல்லாட்ட புடுங்கற சமயம், எனக்குத் தெரியாதா?" என்று வேர்க்கடலை அறுவடையைச் சாட்சிக்கு இழுக்கிறார் பண்ருட்டியில் இருக்கும் அவள் அண்ணன். அந்த ஊர்ப் பள்ளியின் பதிவேடு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊர் காலியான ஆண்டு இன்றுவரை உறுதியாகவில்லை.