செம்புத் தகட்டில் ஒரு துளி

என் அண்ணி இந்த ஆராய்ச்சிக்கூட வேலைக்கு ஆசைப்பட்டதே அதன் உடுப்புக்காகத்தான். தலையிலிருந்து கால்வரை வெள்ளை, முகத்துக்கு மாஸ்க், கண் மட்டும் தெரியும். என் அண்ணன் கை வைத்த இடம் எதுவும் வெளியே தெரியாது. அவன் அதே ஆராய்ச்சிக்கூடத்தின் கிடங்கில் வண்டி ஓட்டினான். நாங்கள் மூவரும், அவர்கள் மகள் பாப்பாவும் ஒரே வீடு. சட்டை காயவில்லை என்று ஒருநாள் அவளை முடியைப் பிடித்து இழுத்து, தோள் எலும்பு நழுவும்வரை மிதித்தான். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

அண்ணி செம்புத் தகடுகளை அமிலத்தில் கழுவுவாள். பக்கத்து மேசையில் நான் பதிவேடு எழுதுவேன். தகடுகள் வெளிக்கதிர் எட்டாத ஓர் ஆழ்சுரங்கத்துக்குப் போகும். அங்கே அவற்றின் நடுவில் ஒரு படிகத்தை வைத்து, அதிலுள்ள ஓர் அணு ஒரு குறிப்பிட்ட விதமாக உடைகிறதா என்று வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். உடைந்தால் நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு அதுவே எதிர்த்துகள் என்று அர்த்தம். அதன் எடை எப்படி வந்தது என்பதற்கும் துப்புக் கிடைக்கும்.

எதற்கு இவ்வளவு பாடு என்று அண்ணி ஒருமுறை கேட்டாள்.

"பிரபஞ்சத்தோட ஆரம்பத்துல பொருளும் எதிர்ப்பொருளும் சரிக்குச் சரி," என்றார் விஞ்ஞானி மேடம். "மோதிக்கிட்டு ரெண்டும் அழிஞ்சிருக்கணும். ஆனா பொருள் மட்டும் நூறு கோடியில ஒண்ணு மிஞ்சிச்சு. நியூட்ரினோவோட கனமான சொந்தக்காரங்க உடையறப்ப கொஞ்சம் ஓரவஞ்சனை பண்ணியிருக்கலாம்."

"அப்ப நாமெல்லாம் கணக்குப் பிழையா மேடம்?"

"பிழைச்சுக்கிட்ட பிழை!"

சென்ற மாதம் ஒரு காலையில் அண்ணன் அவள் முகத்தைக் கதவு நிலையில் மோதினான். ரத்தம் நின்றுவிட்டதென்று நினைத்து வேலைக்கு வந்தாள். கடைசிக் கழுவல் முடிந்து தகட்டைத் தூக்கும்போது, மாஸ்க் நனைந்து ஒரு துளி செம்பில் விழுந்தது.

துணியை எடுத்தாள். துடைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ரத்தத்திலுள்ள பொட்டாசியம் ஓயாமல் கதிர் விடும். சுரங்கத்தில் காத்திருப்பவர்கள் தேடும் அந்த ஓர் அணு உடைவு அதில் அமுங்கிப்போகும். சொன்னால் முகத்தைக் காட்டவேண்டும். அண்ணன் காதுக்குப் போனால் கொன்றே போடுவான்.

துணியைக் கீழே வைத்தாள். "மேடத்தைக் கூப்பிடு."

மேடம் தகட்டைப் பார்த்தார். "யாரோட ரத்தம்?"

அண்ணி மாஸ்க்கைக் கழற்றினாள். மூக்கு கோணி, உதடு பிளந்து, தாடை நீலம் பாரித்திருந்தது.

"ரத்தம் என்னுது மேடம். கை என் புருஷனோடது."

மேடம் காவலாளிகளுக்குப் போன் செய்வதற்குள் யார் மூலமோ சேதி கிடங்குக்குப் போய்விட்டது. எங்கள் அறைக்கு முன்னால் அலமாரி அளவில் ஓர் அறை உண்டு. உள்ளே வருபவர்மேல் காற்றடித்துத் தூசியை நீக்கும். காற்று நின்றபிறகுதான் உள்கதவு திறக்கும். அண்ணன் கடப்பாரையோடு அதற்குள் பாய்ந்தான்.

"மானத்தை வாங்கிட்டியேடி! இன்னைக்கு உன் சங்கை அறுக்கறேன்!"

காற்று நிற்பதற்குள் நான் எழுந்து உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.

"கூடப் பிறந்தவளாடி நீ? திற!"

உள்கதவின் கண்ணாடியில் கடப்பாரையால் ஓங்கி அடித்தான். அண்ணி மூக்கில் பஞ்சை அடைத்து, புது மாஸ்க் மாட்டி, தகட்டை மறுபடி அமிலத்தில் இறக்கினாள். கறையோடு செம்பின் மேல்தோல் மயிரிழை அளவு கரையவேண்டும். தகடு அசையாமலிருக்க இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது அடியில் கண்ணாடி நொறுங்கி அவன் கை உள்ளே நுழைந்து தாழ்ப்பாளைத் துழாவியது. சில்லுகள் முழங்கைவரை கிழித்தன. பதிவேட்டை எடுத்து அந்தக் கையை அடித்தேன். விரல் ஒன்று முறியும் சத்தம் கேட்டும் அடித்தேன். காவலாளிகள் அவன் கழுத்தைப் பிடித்து இழுத்துப்போன பிறகும் கதவை அடித்துக்கொண்டிருந்தேன்.

"போதும் விடு," என்றாள் அண்ணி. தகட்டைத் தூக்கி அலசினாள். "நான் இனிமே அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். நீ?"

"பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கிட்டு அங்கயே வந்துடறேன் அண்ணி. நான் பாத்ததையெல்லாம் நானும் எழுதிக் குடுக்கணும்."