உடைத்துக் காட்டச் சொன்ன துப்பாக்கி

என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே பொருள் ஒரு பொம்மைத் துப்பாக்கி. முப்பது வயதைத் தாண்டியவன் இப்படிச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டும். படுகிறேன். அது சுடாது. விசையை அழுத்தினால் முனையில் சிவப்பு விளக்கு எரியும், 'கீய்ங்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதைச் செய்தவன் நான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் நண்பன் அதோடு என்னை விட்டு விலகிப் போய்விட்டான்.

வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்ச். அவன் ஆவடியை ஒட்டிய கோவில்பதாகை ஊர்க்காரன். குடும்ப நிலமெல்லாம் பிளாட்டாகிவிட்ட பிறகு தண்ணீர் கேன் வண்டி ஓட்டினான். நான் ஆவடி குவார்ட்டர்ஸ் பையன். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் லேத் வேலை. அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் வேஷம். ஆண்டுக்கொரு முறை நகரத்தில் கதாபாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு மேடையேறும் போட்டி நடக்கும். எல்லோரும் சினிமாவில் பார்த்த ஆளாகப் போவார்கள். இவன் தானே ஒரு ஆளை உண்டாக்கினான்: தண்ணீரே இல்லாத கிரகத்தில் தண்ணீர் வண்டிக்குக் காவல் போகும் வீரன். கேன் போடுகிறவனுக்கு வேறென்ன கனவு வரும் என்று கிண்டல் செய்வேன்.

முதல் ஆண்டு அவனாகவே துப்பாக்கி செய்தான். பாத்ரூம் செருப்புக்குப் போடுவார்களே, அந்த ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி வெள்ளி பெயிண்ட் அடித்தான். ரயில் கூட்டத்தில் குழல் பாதியில் மடிந்துபோனது. மேடையில் அதைத் தூக்கிக் குறிபார்த்தபோது முனை தலைகுனிந்து தரையைப் பார்த்தது. அரங்கமே சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். திரும்பி வரும்போது ரயிலில் அந்தக் குழலை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தான். "அடுத்த வருஷம் நான் செஞ்சு தரேன். யானை மிதிச்சாலும் உடையாது" என்றேன்.

சொன்னபடி செய்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு வருடம் கான்ட்ராக்டில் சர்க்யூட் போர்டு பற்றவைத்த கை இது. ஃபோமுக்குள் முதுகெலும்பாக ஒரு பிவிசி குழாய். மேலே ஃபைபர் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி ரெசின் பசை பூசினேன். கார் பம்பர் ஒட்டும் கடைக்காரரிடம் கேட்டுக் கற்ற வேலை. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல் நிறம் அடித்து, விளிம்புகளில் மட்டும் அலுமினிய பெயிண்டைத் துணியால் ஒற்றினேன். தேய்ந்துபோன இரும்பு போலவே இருந்தது. விசைக்குக் காலிங் பெல் சுவிட்ச். சத்தத்துக்கு ஒரு பழைய பொம்மைக் காரின் எலக்ட்ரானிக் சில்லு. முதல் விளக்கை, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் போடாமல் பாட்டரியில் இணைத்துக் கருக்கிவிட்டேன். "இன்னா மச்சான், டப்புனு பூட்ச்சே!" என்று அவன் ஒரு வாரம் ஓட்டினான். குலுக்கினால் பற்றவைத்த இடத்தில் வயர் பிய்ந்துவிடும் என்று கொஞ்சம் தளர்வாக விட்டு, பசை போட்டு நிறுத்தினேன்.

கைப்பிடிக்கு அடியில் ஒரே ஒரு திருகு. அதன்மேல் கறுப்பு டேப். அதைக் கழற்றினால் கைப்பிடிப் பக்கம் குழலிலிருந்து உருவிக்கொண்டு, துப்பாக்கி இரண்டாகப் பிரியும். அந்தத் திருகைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. பாட்டரி மாற்றக்கூட என்னிடம்தான் வர வேண்டும் என்று எனக்கு ஒரு அற்பப் பெருமை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்தது, அப்பாவின் தொழிற்சாலையிலேயே. எல்லாம் முடிந்து போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. "அது முடியற வரைக்கும் தெருவுல நின்னு தும்மாத" என்றார் அப்பா. காவல் நிலையத்தில் என் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறக்கூடாது என்பது வீட்டில் தினப் பாராயணம் ஆகிவிட்டது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்புக் கவசம் மாட்டிக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டு ரயில் நிலையத்துக்கு வந்தான். பையில் போடு என்றேன். "இவ்ளோ அழகா கீது மச்சான், பையில போட்டு இன்னா பண்றது?" என்றான். எனக்கும் உள்ளூர அதுதான் ஆசை. டிக்கெட் எடுக்கப் போனேன்.

இரண்டு டிக்கெட்டோடு திரும்பியபோது பிளாட்பாரத்தில் கூட்டம் விலகி வட்டமாக நின்றது. நடுவில் அவன், எதிரில் இரண்டு போலீஸ்காரர்கள். "பொம்ம சார். பாருங்க" என்று விசையை அழுத்தினான். சிவப்பு எரிந்தது, சத்தம் வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் அலறினாள். "உள்ள வயர் கீது சார்!" என்று எவனோ கத்தினான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போலீஸ்காரர் ஒருவர் லத்தியை உயர்த்தினார். அப்போது அவன் கூட்டத்தில் என்னைப் பார்த்தான். அவன் பார்த்த திசையிலேயே அந்தப் போலீஸ்காரரும் பார்த்தார்.

"நீ யாரு? இவன் கூட வந்தவனா?"

கையில் இரண்டு டிக்கெட். விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"இல்ல சார். தெரியாது."

அவன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "ஆமா சார், யாருன்னே தெரியாது. நான் தனியாத்தான் வந்தேன்" என்றான்.

"பொம்மன்னா உடைச்சிக் காட்டு" என்றார் போலீஸ்காரர்.

ஒரு வருடம் காத்திருந்து கையில் வாங்கிய பொருள். அதைக் கருங்கல் பெஞ்சில் ஓங்கி அடித்தான். பெயிண்ட் மட்டும் பெயர்ந்தது. மறுபடி அடித்தான். "பொம்ம இப்டியாடா இருக்கும்?" என்று லத்தியால் முழங்காலில் ஒரு தட்டு விழுந்தது. தரையில் வைத்துக் காலால் மிதித்தான். குழலைப் பிடித்து முறுக்கினான். பிசிறடித்த ஃபைபர் வலது உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் கவசத்தில் வழிந்தது. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். 'கைப்பிடிக்கு அடியில் டேப்பைக் கிழி.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். இரண்டாகப் பிரிந்து பொம்மைச் சில்லும் பாட்டரியும் வெளியே வந்திருக்கும், எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். ஆனால் யாரென்றே தெரியாதவனின் துப்பாக்கியில் திருகு எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு அடிக்கும் அது உடையாமல் நின்றபோது, பயத்துக்கு நடுவே, பரவாயில்லை நல்ல வேலைதான் என்று என் மனதின் ஒரு மூலை மெச்சிக்கொண்டது. சீ, நானெல்லாம் ஒரு மனிதனா என்று அதற்காகவே பல நாள் என்னைத் திட்டியிருக்கிறேன்.

அவனை அறைக்குள் கூட்டிப் போனார்கள். ரயில் வந்தது. ஏறிவிட்டேன்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டோடு வண்டியில் காலி கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தான். சுத்தியல் கொண்டுவந்து ஒரு பக்கமாகப் பிளந்தார்களாம். உள்ளே காலிங் பெல் சுவிட்சைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்களாம். அதற்குள் போட்டி முடிந்துவிட்டது. நான் அழுதேன். மன்னித்துவிடு என்று என்னென்னவோ உளறினேன்.

"வுடு மச்சான். உன் வேல மேட்டர், எனக்குத் தெரியாதா?" என்றான். ஒரு கேனை ஏற்றிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே கேட்டான். "ஒடச்சப்புறம் போலீஸ்காரு சொன்னாரு, அடில ஒரு ஸ்க்ரூ இருந்துச்சு. அத்த கழட்னா தொறக்குமாமே?"

கீழே கிடந்த கயிற்றை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். கேனை அடுக்கி முடித்து, கயிறு கட்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போனால் கேன் போட லைனுக்குப் போயிருக்கான் என்பார்கள்.

எட்டாம் நாள் என் விசாரணைக்காக ஒரு ஏட்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தார். வேறு நிலையத்துக்காரர், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. என்னை நன்கு அறிந்த இருவரின் பெயரை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் பெயர் அவனுடையது. அதை எழுதும்போது யோசிக்கக்கூட இல்லை.

"காலையில அவரப் பாத்துட்டுத்தான் வரேன்" என்றார் ஏட்டு, காகிதத்தைப் புரட்டிக்கொண்டே. "உங்களத் தெரியுமான்னு கேட்டேன். 'நல்லாத் தெரியும் சார், பன்னெண்டு வருஷமா. எந்த வம்புக்கும் போகமாட்டான்'னு சொன்னாரு. கையில கட்டு வேற, பாவம், இடது கையாலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. உங்க ஃப்ரெண்டா?"

"ஆமா சார்" என்றேன். அன்றைக்கு மட்டும் அது உடனே வாயில் வந்தது.