அவர் பெயரைச் சொன்ன நாள்

சாமிமாரே, எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. நடுவில் அழுதுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு விருச்சிக மாதம், கார்த்திகைதான். என் வீட்டுக்காரர் மாலை போட்டுப் பதினோராம் நாள். குன்னத்துகாலில் இருந்து டெம்போவில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு பாறசாலைச் சந்தைக்குப் போனார். எல்லை கடந்து கேரளத்துக்குள் சாராய ஸ்பிரிட் கடத்தும் ஒருவனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அவனுக்கு 'சாமி' என்று பட்டப்பெயராம். ஜீப்பில் இருந்தவர், "எடா, நீ சாமியாணோ?" என்று கேட்டிருக்கிறார். மாலை போட்டவர் வேறென்ன சொல்வார்?

"சாமியாக்கும். சாமி சரணம்" என்று கும்பிட்டிருக்கிறார். அப்படியே தூக்கிப் போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள்.

சந்தையில் நின்ற பக்கத்து வீட்டு அண்ணன் வந்து சொன்னதும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர் பெயர் கேட்டார்.

"எங்க வீட்டுச் சாமியாக்கும் சார்."

கட்டினவர் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பி வளர்ந்தவள் நான். கல்யாணமாகிப் பதினொரு வருஷம், ஒருநாள் சொன்னதில்லை. அந்தப் போலீஸ்காரர் சிரித்தார். "கண்டோ, பாரியயும் சம்மதிச்சு." பெண்டாட்டியே ஒத்துக்கொண்டாளாம். என் வாயாலேயே அவரைக் கள்ளனாக்கிவிட்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மறுநாள் போனபோது, "இவிடெ அங்ஙனெ ஒராளில்ல" என்றார்கள். புத்தகத்திலும் எழுதவில்லையாம். அப்போதே உள்ளே இருந்து "ஐயப்பா!" என்று ஒரு அலறல்.

"அது அவருக்க சத்தமாக்கும் சார்!" என்று கத்தினேன். பிடித்து வெளியே தள்ளினார்கள். சத்தம் கேட்கிறது, ஆள் மட்டும் இல்லையாம். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. ஒரு பருக்கை இறங்கவில்லை. செத்துவிடலாம் என்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் விளக்கேற்றவில்லை. சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சண்டை போட்டேன். "உனக்கு மாலை போட்டவனத்தானே அடிச்சுக் கொல்லுதானுவ? உனக்குக் கண்ணில்லையா? இன்னிக்கு எனக்கு ஒரு வழி காட்டு. இல்லேன்னா இந்த வீட்டுல நீ வேண்டாம்." எங்கே போகிறேன் என்று தெரியாமலே நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏறினேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஒரு வக்கீலம்மா.

"எதுக்கு அக்கா கரையுதீங்க?" என்று என் அழுகையைப் பார்த்துக் கேட்டார். எல்லாம் கொட்டினேன்.

"பிடிச்ச ஆள இருபத்திநாலு மணிக்கூருக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். அதுக்கு மேல வைக்க அவங்களுக்கு அதிகாரம் இல்ல. கூட வாங்க."

கோர்ட்டில் அவரே மனு எழுதினார். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, "பேரு பறயணம்" என்றார். நாக்கு எழும்பவில்லை.

"அக்கா, பேரில்லாத ஆள எங்க போய்த் தேடச் சொல்லுவாரு?" என்றார் வக்கீலம்மா.

ஐயப்பா, குறைகிற ஆயுசை என்னிடமிருந்து எடுத்துக்கொள் என்று கண்ணை மூடினேன்.

"தாணுமாலயன்!"

கோர்ட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

தேடிப் பார்க்க அப்போதே உத்தரவானது. கோர்ட்டில் இருந்து போனவர் ஸ்டேஷன் வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். பின்கட்டில் இருந்து, "இங்க உண்டு" என்று பதில் வந்ததாம். சாயங்காலம் இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் மாலை இல்லை, அறுத்துப் போட்டிருந்தார்கள். அவர் பேரில் வழக்கே இல்லாததால் மாஜிஸ்திரேட் விடுதலை செய்தார்.

அவருக்கு இடது காது இன்றும் கேட்காது. ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். அடித்தவர்கள் யாரும் இதுவரை பதில் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, சாமியிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அந்த பஸ்ஸில் அந்த இடத்தில் வக்கீலம்மாவை உட்காரவைத்தவன் அவன்தான். இல்லை என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

உங்கள் வீட்டு ஆளைக் கொண்டுபோனால், சாமிமாரே, அழுதுகொண்டு மூன்று நாள் இருக்காதீர்கள். சரணம் விளித்துவிட்டு, எத்தனை மணிக்குக் கொண்டுபோனார்கள் என்று குறித்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுங்கள். உங்களுக்கு முன்னாலேயே ஐயப்பன் அங்கே போய் நிற்பான். நான் இரண்டு நாள் பிந்திவிட்டேன். அந்த இரண்டு நாள் அடியும் அவர் உடம்பில்தான் இருக்கிறது.